மூன்று முறை அழைத்தும்

சட்டக் கல்லூரியில் எங்களுக்கு டார்ட்ஸ் நடத்தியவர் பேராசிரியை குளோரி பாக்கியம். ஒருவருடைய அசட்டையால் இன்னொருவர் கை காலை இழந்தால், ஈடு கேட்க வழி சொல்லும் பாடம் அது. மற்றவர்கள் புத்தகத்தை வைத்து நடத்துவார்கள். மேடம் சனிக்கிழமைதோறும் எங்களை அரசு ஆஸ்பத்திரியின் எலும்பு முறிவு வார்டுக்குக் கூட்டிப் போய்விடுவார். கட்டில் கட்டிலாக நின்று, அடிபட்டவர்கள் சொல்வதைக் கேட்டு மனு எழுத வேண்டும். ரத்தத்தைக் கண்டால் தில்லைநாயகம் மயங்கி விழுவான். தண்ணீர் தெளிப்பது என் வேலை. அதற்குப் பிறகு நான் அவ்வளவு உருப்படியாக எதையும் செய்ததாக நினைவில்லை.

அந்தத் தில்லை இன்று மதுரையில் பெரிய வக்கீல். கம்பெனிக்காரர்கள் அவனுக்காகக் காத்துக் கிடக்கிறார்கள். மேடம் ஓய்வுபெற்று வெகுகாலம் ஆகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் அவரைப் பார்க்கப் போனோம். பழைய வார்டு கதைகளைப் பேசிப் பேசிச் சிரித்தோம். அந்த நோயாளிகளின் பெயர்கூட மேடத்துக்கு ஞாபகம் இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

காபி வந்ததும் தில்லை மெல்ல ஆரம்பித்தான்.

"மேடம், ஒரு சந்தேகம்."

"கேளுப்பா."

"ஒரு ரைஸ் மில்லுல பாய்லர் வெடிச்சிருச்சு. அங்க வேலை பார்த்த முத்துராக்குன்னு ஒரு அம்மா நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டாங்க. நான் மில்லுக்காக ஆஜராறேன். கோர்ட்ல அந்தம்மா பேரை மூணு தடவை கூப்பிட்டாங்க. வரலை. அவங்க வக்கீலும் வரலை. வழக்கு தள்ளுபடியாயிருச்சு."

"சரி."

"மறுபடி எடுக்கச் சொல்லி மனு போட்டிருக்காங்க. நாளைக்கு விசாரணை. கெடு தாண்டிப் போட்ட மனு. நான் எதிர்த்தா அத்தோட முடிஞ்சிரும். எதிர்க்கட்டுமா?"

"வெடிச்சதுல அவங்களுக்கு என்ன போச்சு?"

தில்லை டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ரெண்டு காதும்."

"அன்னைக்கு அவங்க எங்க இருந்தாங்க?"

"கோர்ட் வராந்தாவுலதான். பெஞ்சுல உட்கார்ந்திருந்தாங்க."

"யார் சொன்னா உனக்கு?"

"நானே பார்த்தேன்."

தில்லையே தொடர்ந்தான். "ஆனா முறைப்படி கூப்பிட்டாச்சு மேடம்."

மேடம் ஜன்னல் பக்கம் திரும்பி, அவனுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். நான் ஜன்னலோரம் இருந்ததால் அவர் முகம் தெரிந்தது. சத்தமே இல்லாமல் உதடுகள் அசைந்தன. நின்றன. மறுபடி அசைந்தன. இன்னொரு முறையும். தில்லை பதிலுக்காகப் பொறுமையாகக் காத்திருந்தான்.

அவர் திரும்பினார்.

"மூணு தடவை கூப்பிட்டேன், தில்லை. நீ ஏன்னு கேட்கலையே."

அவன் முகம் வெளுத்துப்போயிற்று. வார்டில் மயங்கி விழும் முன் அப்படித்தான் வெளுத்துப்போவான். பாவமாக இருந்தது. ஆனாலும் வக்கீல் அல்லவா, மறுபடி வாயைத் திறந்தான்.

"மில்லுக்காரர் என்னை வச்சிருக்கிறதே ஜெயிக்கத்தானே மேடம்?"

"தாராளமா ஜெயிச்சுக்கோப்பா. வேண்டாம்னு நான் சொல்லலையே," என்றார் மேடம். "அந்தம்மாவை எதிர்ல உட்கார வச்சுட்டு ஜெயி."