இருபது மனுதாரர்கள்

சேந்தனூர் மகாராஜா கோதண்டவர்மர் நல்லவர்தான். வேலைக்குப் போகும் தாய்மார்களின் பிள்ளைகளுக்கென்று அரண்மனைக்குப் பின்னால் ஒரு கூடம் கட்டினார். நான்கு ஆயாக்களைப் போட்டார். விதி எழுதும் வேலையை மட்டும் அமைச்சர் திருமேனிநாதரிடம் விட்டுவிட்டார்.

அமைச்சர் எழுதினார்: இடம் கேட்கும் தாய், சபை கூடும் முற்பகலில் நேரில் வர வேண்டும். பிள்ளையைக் கொண்டுவரக் கூடாது. அதே முற்பகலில் அவள் வேலையில் இருப்பதாக மேஸ்திரியின் ஓலையும் வேண்டும்.

ஆறு மாதத்தில் ஒரு பிள்ளைகூடச் சேரவில்லை. ஆயாக்கள் நால்வரும் தாயம் ஆடுவதில் நன்றாகத் தேறிவிட்டார்கள்.

"நாட்டில் தேவை இல்லை போலிருக்கிறது, அரசே. நாளை மாலை கூடத்தை மூடிவிடலாம்," என்றார் அமைச்சர். அரசரும் தலையாட்டினார்.

சபையில் யோசனை சொல்லும் அலர்மேலு வாய்க்குப் பேர்போனவள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெளியே வந்தால், அரண்மனையில் நெல் குத்தும் செங்கமலம் அழுதுகொண்டு நிற்கிறாள். தூளியிலிருந்து இறங்கிய பிள்ளை உரலுக்குள் கையை விடப் பார்த்ததாம். இனி பிள்ளையோடு வந்தால் வேலை கிடையாது என்று மேஸ்திரி சொல்லிவிட்டானாம்.

"நாளைக்கு யார்கிட்ட விடுவேன்க்கா?"

"என்கிட்ட விடு. உன்னை மாதிரி எத்தனை பேர்?"

"இருபது பேர்க்கா."

"எல்லாரையும் விடச் சொல்லு."

மறுநாள் முற்பகல், ஆயாக்களின் இடுப்பில் சிலதும் தவழ்ந்து சிலதுமாக இருபது பிள்ளைகள் சபைக்குள் நுழைந்தன. செங்கமலத்தின் பிள்ளையை அலர்மேலு அமைச்சரின் மடியில் உட்கார வைத்தாள்.

"என்னம்மா இது?"

"மனுதாரர்கள், ஐயா."

"தாய்மார்கள் எங்கே?"

"வேலையில். இதோ மேஸ்திரி ஓலை."

"பிள்ளையைக் கொண்டுவரக் கூடாதே!"

"தாய் கொண்டுவரக் கூடாது. தாய்தான் வரவே இல்லையே."

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. தீர்ப்பு எழுதும்வரை அமைச்சர் எழக் கூடாது. மனுதாரரை வெளியே அனுப்பவும் கூடாது.

"விசாரணைக்கு எத்தனை நாள் ஆகும்?" என்றார் அரசர்.

"முறைப்படி... நாற்பது நாள், அரசே."

"நடத்துங்கள்."

அமைச்சர் ஓலையை எடுத்தார். பிள்ளை பிடுங்கிக் கடித்தது. இன்னோர் ஓலையை எடுத்தார். பிள்ளை தலைப்பாகையை இழுத்தது. மூன்றாவதை எடுப்பதற்குள் வேட்டி நனைந்துவிட்டது.

"அரசே!" என்று அலறினார். "பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் எப்படி வேலை பார்ப்பான்?"

அலர்மேலு கைகூப்பினாள். "மனுவே அதுதான், அரசே. நான் வாய் திறப்பதற்குள் அமைச்சரே வாசித்துவிட்டார்."

அரசர் சிரித்த சிரிப்பில் இரண்டு பிள்ளைகள் பயந்து அழுதன. விதி அன்றே ரத்தானது. இருபது பிள்ளைகளும் கூடத்தில் சேர்ந்தன. அலர்மேலுவுக்கு ஒரு பட்டுச்சேலை கிடைத்தது. அமைச்சருக்கு மாற்று வேட்டி.