அண்ணன் வண்டிச் சத்தம்

போத்தனூரில் ரெஜினா டீச்சருக்கு ஒரு பட்டறை இருந்தது. ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் பிரிவுக்குப் பாடம் எடுத்தவர், அந்த வேலையை விட்டுவிட்டுப் பழைய கார்களை மட்டும் பார்த்துவந்தார். பெட்ரோல் பங்க்காரர் முதல் போலீஸ்காரர் வரை எல்லோருக்கும் அவர் டீச்சர்தான்.

அவரிடம் வந்து சேர்ந்த தங்கமுத்துவுக்கு அவரைவிட வயது கூட. கட்டடப் பொறியாளர். மஸ்கட்டில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். இறந்துபோன அண்ணனின் காரை இழுத்துக்கொண்டு வந்திருந்தார். ஐம்பதுகளில் செய்த வண்டி. அதைச் சரிசெய்து கொடுங்கள் என்று அவர் கேட்கவில்லை. சரிசெய்யக் கற்றுக்கொடுங்கள் என்றார்.

"எதுக்குங்க இந்தப் பாடு?" என்றார் டீச்சர்.

"என் கையால செய்யணுங்க."

அண்ணனுக்கும் அவருக்கும் பல வருஷமாகப் பேச்சில்லை. அண்ணன் வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் வைத்த அன்று, பந்தி நடந்துகொண்டிருக்கும்போது, தங்கமுத்து பையிலிருந்து, சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கும் தூக்குக்குண்டை எடுத்துக் கூடத்துச் சுவரில் தொங்கவிட்டுப் பார்த்தார். சுவர் சாய்ந்திருந்தது. எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். நூலைப் பிடித்தபடியே சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். வீட்டை நிமிர்த்தி வைத்துவிட்டு ரசத்தை ஊற்றுங்கப்பா என்றார் இலையில் இருந்த ஒருவர். பந்தியே சிரித்தது. அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தங்கமுத்து சொன்னது சரிதான். அதற்குப் பிறகு அண்ணன் அவரைக் கூப்பிடவில்லை. அவரும் கூப்பிடவில்லை.

சாவுக்குப் போய் நின்றபோது அண்ணி முகம் கொடுக்கவில்லை. கருமாதி முடிந்ததும், ஷெட்டில் கிடக்கும் வண்டியை நான் எடுத்துப் பார்க்கட்டுமா என்று தங்கமுத்து கேட்டார். அண்ணி உள்ளே போனார். வெகுநேரம் கழித்துச் சாவியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

"ஓட வெச்சு வாசலுக்குக் கொண்டு வாங்க. அப்புறம் பேசிக்கலாம்."

அந்தக் கடைசிப் பேச்சைத்தான் தங்கமுத்து பிடித்துக்கொண்டிருந்தார்.

எஞ்சின் சீக்கிரமே வழிக்கு வந்தது. சைலன்சரும் புகைக்குழாயும்தான் முழுக்கத் துரு. டீச்சர் ஊரில் இல்லாத ஒருநாள் அவரே அதைக் கழற்றிக் காயலான் கடையில் போட்டுவிட்டு வந்தார். புதுச் சைலன்சர் வாங்கி, அளவெடுத்துப் புதுக்குழாய் வளைத்து மாட்டினார். வண்டி ஓடினால் குழாய் வண்டியின் அடிப்பக்கத்தில் இடித்தது. குழாயைப் பிடித்திருந்த கிளாம்பை இன்னும் முடுக்கினார். இன்னும் இடித்தது.

டீச்சர் எல்லாக் கிளாம்பையும் தளர்த்தச் சொன்னார். குழாயை அப்படியே தொங்கவிட்டு எஞ்சினை ஓடவிட்டார்.

"சூட்டுல நீளும். எங்க போய் நிக்கணுமோ அங்க அதுவா நிக்கட்டும். அப்புறம் முடுக்குங்க."

அப்படியே செய்தார். இடி நின்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியைத் துடைத்து எடுத்துக்கொண்டு போனார். மத்தியானத்துக்கு முன்பே திரும்பி வந்துவிட்டார். சைலன்சரில் ஏதோ கோளாறு இருக்கிறது, பாருங்கள் என்றார்.

டீச்சர் வண்டியைத் தூக்கி நிறுத்தினார். எஞ்சினை ஓடவிட்டு, குழாயின் வாயைத் துணியால் அடைத்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு இணைப்பிலும் காதை வைத்துக் கேட்டார். எங்கும் காற்று சீறவில்லை. குழாயைத் தாங்கும் தொங்குபட்டைகளை ஆட்டிப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லைங்க. நல்லா செஞ்சிருக்கீங்க."

"இருக்கும் டீச்சர். இன்னொருக்காப் பாருங்க."

டீச்சர் இன்னொரு தடவையும் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

நடந்ததைத் தங்கமுத்து சொன்னார். வாசலில் போய் நின்றபோது கேட் திறக்கவில்லை. ஹாரன் அடித்த பிறகுதான் அண்ணி வந்தார். யாரோ வேற ஆள் என்று இருந்துவிட்டேன் என்றார். வண்டியைச் சுற்றி வந்தார். எஞ்சின் ஓடுவதைக் கொஞ்சநேரம் நின்று கேட்டார்.

"என்ன சொன்னாங்க?"

"இது அவர் வண்டி மாதிரி இல்லையே, அவர் வந்தா முக்குல திரும்பறப்பவே எனக்குத் தெரியுமேன்னாங்க. உள்ள போயிட்டாங்க."

வேறொன்றும் பேசவில்லையா என்று டீச்சர் கேட்டார். இல்லை என்று தலையை ஆட்டினார்.

டீச்சர் எஞ்சினை நிறுத்தினார்.

"பழைய சைலன்சர்ல ஒரு ஓட்டை இருந்துதுங்களே, பாத்தீங்களா?"

பார்த்திருந்தார். சைலன்சரின் தலைப்பக்கம், விரல் நுழையும் அளவுக்கு. இதைக்கூடக் கவனிக்காமல் ஓட்டியிருக்கிறாரே என்று அப்போது நினைத்துக்கொண்டது இப்போது நினைவுக்கு வந்தது.

அந்த ஓட்டை தனக்கு ஏற்கெனவே தெரியும் என்று டீச்சர் சொன்னார். அண்ணன் ஒருமுறை பிரேக் வேலைக்காக வண்டியை விட்டுப் போயிருந்தார். கேட்காமலே டீச்சர் தகரம் சுற்றி ஓட்டையை அடைத்து அனுப்பினார். சாயங்காலமே அண்ணன் திரும்பி வந்து, அதைப் பிரித்துவிடுங்கள் என்றார். புகை உள்ளே வரும், தலை வலிக்கும் என்று டீச்சர் சண்டை பிடித்தார். கண்ணாடியை இறக்கிக்கொள்கிறேன் என்றார் அண்ணன். சத்தம் கேட்காமல் வீட்டுக்காரி கேட் திறக்க வரவில்லை, ஹாரன் அடித்ததற்கு இன்னும் முறைத்துக்கொண்டிருக்கிறாள் என்று சொல்லிச் சிரித்தார்.

தங்கமுத்து பட்டறை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கிட்ட நீங்க சொல்லலையே டீச்சர்."

"நான் வர்றதுக்குள்ள காயலான் கடைக்குப் போயிடுச்சுங்க. போனதுக்கப்புறம் சொல்லி என்ன?"

ஞாயிறு என்பதால் பட்டறையில் வேறு ஆள் இல்லை. சூடான குழாய் ஆறும்போது டிக் டிக்கென்று சொடுக்குச் சத்தம் கேட்டது. அது மெல்ல நின்றது.

பிறகு தங்கமுத்து கேட்டார். புதுச் சைலன்சரில் அதே இடத்தில் ஓட்டை போட்டால் அதே சத்தம் வருமா?

"கிட்டத்தட்ட வரும்," என்றார் டீச்சர்.

தங்கமுத்து எழுந்து போய் டிரில்லை எடுத்துவந்தார். பிட் பெட்டியைத் திறந்து தரையில் வைத்துக் குனிந்து உட்கார்ந்தார். பெரியது ஒன்றை எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். அடுத்ததை எடுத்தார்.

"என்ன சைஸ் போடட்டுங்க?"

"உங்க அண்ணன் அந்த ஓட்டையைப் போடலைங்க," என்றார் டீச்சர். "விட்டு வெச்சிருந்தார்."