பல்லக்கு ஏறின வில்லு

தும்பைக்காட்டு ஊருல மூளைக்குப் பஞ்சமே கெடையாது. யாரும் எடுத்துச் செலவு பண்ணாததால எல்லாம் புதுசாவே இருந்துச்சு.

அந்த ஊருல ஒச்சான்னு ஒருத்தன். முப்பது வயசாகியும் கல்யாணம் கூடி வரல. ஒருவழியா பக்கத்தூரு பெத்தணன் தன் மக அங்காயியைக் குடுக்கச் சம்மதிச்சிருந்தாரு. வெள்ளிக்கெழமை சாயங்காலம் வருவாங்க, ஒச்சானோட சீனிக்கெழங்கு வயலைப் பாப்பாங்க, வயலு பிடிச்சிருந்தா அங்கேயே வெத்தலை மாத்திக்குவாங்க. மாப்பிள்ளை மூஞ்சியை அதுவரைக்கும் அவங்க பாத்ததில்ல. மூஞ்சியை வேகவச்சுத் திங்க முடியாதுன்னு பெத்தணன் சொல்லிட்டாரு.

ஆனா அந்த வயலுக்கு ஒச்சானை விட அக்கறையா ஒரு காட்டுப்பன்னி தெனமும் வந்துக்கிட்டிருந்துச்சு. வியாழக்கெழமைக்குள்ள கால்வாசி வயலு காலி. மிச்சமும் போச்சுன்னா கல்யாணமும் போச்சு.

ஒச்சான் தன் கூட்டாளிங்க மொக்கையன், நல்லாண்டி, சிலம்பன் மூணு பேரையும் கூட்டிக்கிட்டு வேட்டைக்காரர் கழுவன்கிட்டப் போயி நின்னான். அவருகிட்ட ஒரு குறுக்குவில்லு இருந்துச்சு. ஒரு கட்டை மேல வில்லைக் குறுக்கா பூட்டி, கீழ இருக்கிற விசையைத் தட்டினா அம்பு பறக்கும். நல்ல கனம்.

கழுவன் வில்லை எடுத்து அவங்ககிட்டக் குடுத்து, பொறுமையா சொல்லிக் குடுத்தாரு. நாண்ல வெயிலும் படக்கூடாது, பனியும் படக்கூடாது. நடக்கும்போது நாணை ஏத்தாதீங்க. அம்பு எப்பவும் ஆளைப் பாக்கக்கூடாது. கனமா இருந்தா இந்தத் தோல் வாரைப் போட்டு மாட்டிக்கிட்டு, தோளை மாத்தி மாத்திக் கொண்டுபோங்க.

நாலு பேரும் தலையாட்டினாங்க. தலையாட்டுறதுல அந்த ஊரை அடிச்சுக்க ஆளே இல்ல.

வெள்ளிக்கெழமை விடிஞ்சதும் காட்டுக்குள்ள நொழைஞ்சாங்க. மொதல் சிக்கல் அம்பு. வடக்க திருப்புனா மொக்கையனைப் பாக்குது, தெக்க திருப்புனா சிலம்பனைப் பாக்குது. நல்லாண்டி தன் துண்டைக் கிழிச்சு அம்போட கண்ணைக் கட்டிவிட்டான்.

"அப்புறம் அது பன்னியை எப்படிப் பாக்கும்?"ன்னு ஒச்சான் கேட்டான்.

"பன்னிக்குக் கண்ணு இருக்குல்ல, அது அம்பைப் பாத்துக்கும்"னான் நல்லாண்டி. ஒச்சானும் தன் பங்குக்கு அந்த முடிச்சை இறுக்கிவிட்டான்.

அடுத்து வாரு. ஒருத்தன் தோள்லயே மாட்டினா மத்த மூணு பேரும் சும்மா வந்த மாதிரி ஆயிடும், அது நியாயமில்லன்னு மொக்கையன் சொன்னான். அதனால நாலு பேரையும் சேத்து ஒரே வாருல இறுக்கிக் கட்டிக்கிட்டாங்க. இருபதடி போனதும் நடுவுல ஒரு வேங்கை மரம். ரெண்டு பேரு இந்தப் பக்கம், ரெண்டு பேரு அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டாங்க. பின்னாடி ஒரு அடி வச்சா தீந்துபோற விசயம். ஆனா வேட்டைக்குப் போறவன் பின்வாங்கலாமான்னு பேச்சு கெளம்பி, வெயில் உச்சிக்கு வர்ற வரைக்கும் மரத்தைக் கட்டிப்பிடிச்சபடி நின்னாங்க. கடைசியில வாரு அவுந்ததாலதான் பொழைச்சாங்க, அறிவால இல்ல.

நாட்டுல பெரிய தப்பு எதுவும் தனியாளு செய்யறதில்ல, கூட்டம் போட்டுத்தான் செய்வாங்க. இவங்களும் மரத்தடியில கூட்டம் போட்டாங்க. வில்லைச் சொகமா கொண்டுபோகணும், வெயில் படக்கூடாது, தோளும் மாத்தணும். இது மூணுக்கும் சேத்து ஊர்ப் பொதுவுல ஒண்ணு இருக்கேன்னு சிலம்பன் ஞாபகப்படுத்தினான். கல்யாணப் பல்லக்கு.

ஓடிப்போயி தூக்கிட்டு வந்தாங்க. செவப்புத் திரை, பட்டு மெத்தை. வில்லைப் படுக்க வச்சு, தலைமாட்டுல அம்பு, கால்மாட்டுல வழிச்சாப்பாட்டுக்கு ஒச்சான் வயலுக் கெழங்கு ஒரு கூடை. நாலு மூலைக்கும் நாலு பேரு.

"பன்னி வந்தா யாருடா அடிக்கிறது? நாலு பேரு கையும் பல்லக்குலல்ல இருக்கு?"ன்னான் ஒச்சான்.

"மொதல்ல வரட்டும் மாப்ள. வராத பன்னிக்கு இப்பவே ஏன் கைய வீணாக்கணும்?"னான் மொக்கையன்.

மாப்ளன்னு கூப்பிட்டதுல ஒச்சானுக்கு மனசு குளுந்துபோச்சு. கேள்வியையும் மறந்துட்டான்.

ஓடைக்கரையில பல்லக்கை எறக்கிட்டுத் தண்ணி குடிக்கப் போனாங்க. திரும்பி வந்து தூக்கினா முழங்கால் மடங்குது.

"கனம் ஏறியிருக்கே"ன்னான் சிலம்பன்.

"ஓடைக்காத்து. மரக்கட்டை ஈரத்தை உறிஞ்சும்"னான் மொக்கையன்.

கொஞ்ச தூரம் போனதும் உள்ளேயிருந்து கொறட்டைச் சத்தம். நாலு பேரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. நாண் ஏத்தாத வில்லு வேலையில்லாம இருந்தா தூங்கத்தானே செய்யும்னு நல்லாண்டி காதோட காதா சொன்னான். அதுக்கப்புறம் வில்லு முழிச்சிரக்கூடாதுன்னு பூனை மாதிரி அடி வச்சு நடந்தாங்க. காடு பூராவும் தேடினாங்க. பன்னி மட்டும் எங்கேயும் கெடைக்கல.

பொழுது சாயவும் ஒச்சானுக்குப் பொண்ணு வீட்டுக்காரங்க வர்ற ஞாபகம் வந்துச்சு. நேரா வயலுக்கே போயிரலாம்னான். தோளு வீங்கி, வேட்டி கிழிஞ்சு, தோள்ல சும்மாட்டுத் துணியோட வயலோரம் வந்து சேந்தான். அங்க பெத்தணன் வெத்தலைத் தட்டோட, சொந்தபந்தம் சூழ நின்னுக்கிட்டிருந்தாரு. வயலைப் பாக்காம கழுத்தை நீட்ட மாட்டேன்னு அங்காயியும் கூடவே வந்திருந்தா.

கல்யாணப் பல்லக்கைப் பாத்ததும் பெத்தணன் மொகம் மலந்துபோச்சு. மாப்பிள்ளை வந்துட்டாரு, ஆரத்தி எடுங்கன்னு சொல்லி அவரே திரையை வெலக்கினாரு.

உள்ளேயிருந்து நிதானமா எறங்குச்சு பன்னி. கெழங்குக் கூடை காலி. வாரு கழுத்துல மாட்டி, குறுக்குவில்லு முதுகுல பாந்தமா உக்காந்திருந்துச்சு. அன்னிக்குப் பூராவும் அந்தக் காட்டுல வில்லைச் சொகமா சொமந்தது அந்தப் பன்னி ஒண்ணுதான்.

"வேட்டைக்காரரு"ன்னு பூரிச்சுப்போயி பொட்டு வச்சுவிட்டாரு பெத்தணன். "பல்லு கொஞ்சம் தூக்கலா இருக்கு. அதனால என்ன."

"மாமா, மாப்பிள்ளை நான்தான்"னான் ஒச்சான்.

பெத்தணன் அவனைத் தலையிலேருந்து கால் வரைக்கும் பாத்தாரு. "ஏப்பா, பல்லக்குல வந்தவரு மாப்பிள்ளையா, தூக்கிட்டு வந்தவன் மாப்பிள்ளையா?"

ஒச்சான் கூட்டாளிங்களைத் திரும்பிப் பாத்தான். மூணு பேரும் ஓரமா ஒதுங்கி ரொம்ப நேரம் பேசினாங்க. அப்புறம் மொக்கையன் வந்து அவன் தோளைத் தொட்டான். "அவரு கேக்கறதுலயும் ஞாயம் இருக்கு ஒச்சா."

அதுக்குள்ள பன்னி வயலுக்குள்ள எறங்கி, மிச்சமிருந்த கெழங்கைத் தோண்ட ஆரம்பிச்சுருச்சு. சொந்த வயலுன்னு நடையிலேயே தெரியுதுன்னு சொல்லி, பெத்தணன் தட்டைக் கொண்டுபோயி அது முன்னாடி வச்சாரு. பன்னி வெத்தலையைத் தின்னுச்சு. சம்மதம்னு எல்லாரும் கொலவை போட்டாங்க.

அங்காயி மட்டும் அப்பன் காதுல ஏதோ சொன்னா. பெத்தணன் என்னன்னு சத்தமா கேக்கவும், அவ ஒச்சானையும் கூட்டாளிங்களையும் ஒருதரம் நல்லாப் பாத்துட்டுச் சொன்னா:

"மாப்பிள்ளை பரவால்லப்பா. கூட வந்திருக்கிற ஆளுங்கதான் கொஞ்சம் முட்டாளுங்க மாதிரி தெரியுது."