துணிப்பைக்குள் மூன்று பக்கம்

குருவின் காலடியில் பல ஆண்டுகள் இருந்தால் கோபம் போய்விடும் என்று பலரும் நம்புகிறார்கள். இது பிழை. இதை இனியும் திருத்தாமல் விடுவது நாட்டுக்கு நல்லதல்ல.

கோபம் எங்கும் போவதில்லை. அதே வீட்டில் வேறொருவரிடம் போய்ச் சேருகிறது.

சங்கரலிங்கம் பதினோரு ஆண்டுகள் இருந்தவர். அவருடைய குரு அவரைவிட ஒன்பது வயது இளையவர். மலையடிவாரத்தில் ஓர் ஓட்டு வீட்டில் வசித்தார். எல்லாரும் அம்மையார் என்பார்கள்.

ஒரு நாள் காலை சங்கரலிங்கம் அங்கே போய் நின்றார். தோளில் ஒரு துணிப்பை.

“அம்மா, என் வீட்டுக்காரிக்கு ரொம்பக் கோபம் வருது.”

“யார் மேல?”

“எல்லார் மேலயும். டாக்டர் மேல, சிஸ்டர் மேல, என் மேல. நேத்துலருந்து ஊசி போடக் கையை நீட்ட மாட்டேங்கா. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள மருந்து ஏத்தியாகணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. இதுக்கு மேல தள்ளிப்போட்டா ஆபத்தாம்.”

“ஏன் நீட்ட மாட்டேங்கறாங்க?”

“பொறுமை இல்ல. நீங்க எனக்குச் சொன்னதையெல்லாம் நானும் அவகிட்ட தினமும் சொல்லுதேன்.”

“தினமுமா?”

“மூணு வேளையும். கேக்க மாட்டேங்கா. நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னா அடங்கிருவா.”

அம்மையார் செருப்பைத் தேடி எடுத்தார்.

பேருந்தில் சங்கரலிங்கம் பொறுமையைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். அம்மையார் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டார்.

மருத்துவமனையின் மூன்றாம் மாடி. வாசலுக்கு மேலே ஒரு பலகை. ‘பெண்கள் புற்றுநோய்ப் பிரிவு.’ ஒவ்வொரு எழுத்தும் ஒரு முழம்.

“அவளுக்கு என்ன நோய்னே தெரியாது, அம்மா,” என்று சங்கரலிங்கம் அந்தப் பலகைக்கு அடியில் நின்று மெல்லச் சொன்னார். “வயித்துப் புண்ணுன்னு சொல்லி வச்சிருக்கோம்.”

அந்தப் பலகையைத் தாண்டித்தான் அவர் மனைவி செண்பகவல்லியை நான்கு முறை தள்ளுவண்டியில் கொண்டுபோய்க் கொண்டுவந்திருந்தார்கள். அவர் கணக்கு டீச்சர். படிக்கத் தெரியும்.

“வாங்க,” என்றார் செண்பகவல்லி. “நீங்கதான் இவுக குருவா?”

“ஆமா.”

“கோபப்பட்டா உடம்பு கெடும்னு இவுககிட்டச் சொன்னது நீங்கதானா?”

“சொல்லியிருப்பேன்.”

“நரம்பு கிடைக்காம உங்க கையில என்னைக்காவது நாலு தடவை குத்தியிருக்காங்களா?”

“இல்ல.”

“சரி. உட்காருங்க.”

இருந்தது ஒரே ஒரு ஸ்டூல். அம்மையார் உட்கார்ந்தார். சங்கரலிங்கம் நின்றார்.

“என் வயித்தைப் படம் எடுத்தாங்க. ரிப்போர்ட்டை இவுக பார்த்தாக. இவுக தம்பி பார்த்தாரு. தம்பிக்குத் தெரிஞ்ச மருந்துக்கடைக்காரர் பார்த்தாரு. நேத்து லிஃப்ட்காரர் என்கிட்ட, ‘கவலப்படாதீங்க டீச்சர், எங்க சித்திக்கும் இதேதான்’ங்காரு. எதேதான்? வயிறு என்னோடது. எனக்கு மட்டும் ஒண்ணுமில்லையாம்!”

“செண்பகம், சத்தம் போடாத. உடம்புக்கு ஆகாது.”

“இருபத்தெட்டு வருசமா பிள்ளைங்க மார்க்கை அதுக மூஞ்சிக்கு நேரா வாசிச்சிருக்கேன். நூத்துக்கு மூணு எடுத்தவன்கூடச் செத்துப்போகல. உள்ளதைச் சொல்லுங்க, கையை நீட்டுதேன். அதுவரைக்கும் யாரும் ஊசியோட கிட்ட வரவேண்டாம்.”

சங்கரலிங்கம் துணிப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு புன்னகைத்தார். பதினோரு ஆண்டுகளில் கற்ற புன்னகை அது.

“பாத்தீங்களா அம்மா? நான் ஒரு வார்த்தை திருப்பிப் பேசல. எனக்குக் கோபமே வரல. நீங்களே சொல்லுங்க, என் நிலை இப்ப எப்படி இருக்கு? நான் தேறியிருக்கேனா?”

அம்மையார் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

பிறகு எழுந்தார். அடுத்த கட்டிலில் தன் அக்காவுக்குத் துணையிருந்த அன்னத்தாய் என்ற பெண்ணை ஜன்னல் பக்கம் அழைத்துப் போனார். காதில் ஏதோ சொன்னார். நடுவில் இரண்டு தடவை திரும்பிச் சங்கரலிங்கத்தைப் பார்த்தார்.

அன்னத்தாய் வாயில் கை வைத்துக்கொண்டார். “அட கடவுளே!”

அம்மையார் திரும்பி வந்து உட்கார்ந்தார். மேசைமேல் இருந்த சாத்துக்குடியை உரிக்கத் தொடங்கினார்.

“என்னம்மா?” என்றார் சங்கரலிங்கம்.

“ஒண்ணுமில்ல.”

“அவங்ககிட்ட என்னமோ சொன்னீங்களே.”

“சும்மா. நீங்க தைரியமா இருங்க.”

“என்னைப் பத்தியா?”

“சாத்துக்குடி சாப்பிடுங்க.” அம்மையார் ஒரு சுளையை அவர் வாயருகே கொண்டுபோனார்.

சங்கரலிங்கம் அன்னத்தாய் பக்கம் திரும்பினார். “நீங்களாவது சொல்லுங்க.”

“உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னுட்டாக, அண்ணாச்சி. தாங்க மாட்டீகளாம்.”

சுளை தரையில் விழுந்தது.

“யாரு தாங்க மாட்டா? என்ன அநியாயம் இது! பேச்சு என்னைப் பத்தி. கேட்டது நான். முன்னப்பின்ன தெரியாத ஆளுக்குத் தெரியலாம், எனக்குத் தெரியக் கூடாதா? நான் என்ன பச்சைப் பிள்ளையா?”

வார்டில் பதினாறு கட்டில்கள். பதினாறும் திரும்பிப் பார்த்தன.

சிஸ்டர் ஓடி வந்தார். “சார், சத்தம் போடாதீங்க.”

“பொறுமை,” என்றார் அம்மையார்.

“பொறுமையாவது, மண்ணாங்கட்டியாவது! உள்ளதைச் சொல்லுங்க—”

அவர் குரல் அங்கே நின்றது.

செண்பகவல்லி சிரிக்கவில்லை. துணிப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சங்கரலிங்கமும் பையைப் பார்த்தார். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். பையின் முடிச்சு இறுகிப்போயிருந்தது. பல்லால் அவிழ்த்தார்.

ரிப்போர்ட். மூன்று பக்கம்.

“கண்ணாடி,” என்றார் செண்பகவல்லி.

எடுத்துக் கொடுத்தார்.

செண்பகவல்லி முதல் பக்கத்தை வேகமாகப் படித்தார். இரண்டாம் பக்கத்தில் விரலை வைத்து நிறுத்தினார். “இதுல மூணாவது கட்டம்னு போட்டிருக்கு. எத்தனைக்கு மூணு?”

சிஸ்டர் சங்கரலிங்கத்தைப் பார்த்தார்.

“நாலுக்கு,” என்றார் சங்கரலிங்கம்.

மூன்றாம் பக்கத்தில் செண்பகவல்லி நெடுநேரம் இருந்தார். பிறகு முதல் பக்கத்துக்குத் திரும்பினார்.

“பேனா இருக்கா?”

சங்கரலிங்கம் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

வயது ஐம்பத்தெட்டு என்று இருந்தது. செண்பகவல்லி அதை அடித்துவிட்டு ஐம்பத்தாறு என்று எழுதினார். எழுதும்போதே இடது கையைச் சிஸ்டரிடம் நீட்டினார்.