ஜாங்கிரி பிடித்த கை

கோயில் கொடைத் திருவிழா மேடைக்குப் பின்னால் நாற்காலி போட்டிருந்தும் தங்கமாரி உட்காரவில்லை. குறுக்கும் நெடுக்கும் நடந்தார். ரிட்டையரான பஸ் கண்டக்டர், அறுபத்தொரு வயது. மனைவி செண்பகம் போய் எட்டு மாதம். வீட்டில் இருப்புக் கொள்ளாமல் காமெடி கற்க வந்த மனுஷன்.

குரு பூங்கோதைக்கு முப்பத்து நாலுதான். நெல்லைப் பக்கம் கோயில் கொடைகளில் அவள் மைக்கைப் பிடித்தால் கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொள்ளும்.

"டீச்சர், ரெண்டு மேடை ஏறிட்டேன். ஒருத்தன் பல்லைக் காட்டல. இன்னைக்கும் சிரிக்கலேன்னா போயிருதேன்."

"எங்க போவீங்க அண்ணாச்சி?"

"அதான் தெரியல."

"செண்பகம் அக்கா படம் இருக்கா?"

செல்போனை நீட்டினார். கண்ணீர் அஞ்சலி பேனர். பார்த்ததும் பூங்கோதை பக்கென்று சிரித்துவிட்டாள்.

தங்கமாரிக்குச் சுர்ரென்று ஏறியது. "செத்தவளைப் பார்த்தா சிரிக்கீங்க?"

"ஓரத்துல ஜாங்கிரியோட ஒரு கை இருக்கே, யாரு கை?"

அவர் நடை நின்றது.

"என் கைதான். தம்பி மகன் கல்யாணப் பந்தி. எனக்குச் சுகர் முந்நூறு. மூணாவது ஜாங்கிரிய எடுத்தேன், அவ முறைச்சா, அந்நேரம் எடுத்த படம். வேற படம் இல்ல. பேனர்காரன் என்னை வெட்டிட்டு கையை விட்டுட்டான். துக்கத்துக்கு வந்தவங்க பூரா அந்த முறைப்பைத்தான் கும்பிட்டுட்டுப் போனாங்க."

"இதைச் சொல்லுங்க."

"பொண்டாட்டி சாவைச் சொல்லிச் சிரிக்க வைக்கவா? துரோகமில்லையா டீச்சர்?"

பூங்கோதை வெளியே கொடைக்குப் போட்டிருந்த பலகாரக் கடைக்குப் போனாள். ஒரு ஜாங்கிரியோடு வந்தாள். அதை அவர் கையில் வைத்து, மேடைப் படியில் ஏற்றிவிட்டாள்.

தங்கமாரி தொடங்கினார். பந்தியைச் சொன்னார், பேனரைச் சொன்னார். கூட்டம் குலுங்கியது. பேச்சு வாக்கில் ஜாங்கிரி வாய்ப்பக்கம் போக, முன்வரிசையில் ஒரு அம்மாள் எழுந்துவிட்டாள்.

"யோவ், கீழ போடும்யா அதை!"

"போடு! போடு!" என்று மொத்தக் கூட்டமும் கத்தியது. அவர் போட்டுவிட்டார்.

இறங்கி வந்தபோது கண் நிறைந்திருந்தது. மறுபடி நடக்கத் தொடங்கினார்.

"சிரிச்சிட்டாங்க டீச்சர். செண்பகத்தைக் காட்டிக்கொடுத்துட்டேனோ?"

பூங்கோதை தன் துண்டை எடுத்து, பாகு ஒட்டிய அவர் விரல்களைத் துடைத்தாள்.

"நீங்க அழுதப்போ ஊரே உங்க பக்கம் நின்னுச்சு அண்ணாச்சி. இன்னைக்குத்தான் 'போடு'ன்னு அக்கா பக்கம் நின்னுருக்கு."