கரடிக்கு வந்த குரல்

ஒரு காட்டில் பக்தி மிகுந்த கரடி ஒன்று இருந்தது. பக்தி மிகுந்தது என்று யார் சொன்னார்கள் என்கிறீர்களா, குழந்தைகளே? கரடிதான் சொன்னது.

காலையில் எழுந்ததும் அது ஓடைக்கு மேலே இருக்கும் பாறையில் ஏறிக்கொள்ளும். முன்னங்கால்களை வானத்துக்கு உயர்த்தும். "ஆண்டவரே! இன்று உமது சித்தம் என்ன? சொல்லும்!" என்று காடே அதிர முழங்கும்.

பிறகு கண்களை மூடி இப்படியும் அப்படியும் ஆடும். சற்று நேரத்தில் மூக்கு நுனி துடிக்கும். முகம் மலரும்.

"பேசிவிட்டார்! இலுப்பைத் தோப்புக்குப் போகச் சொல்கிறார்!"

"அல்லேலூயா!" என்று கத்தும் மைனா. கரடி எதைச் சொன்னாலும் அப்படிக் கத்துவது அதன் வேலை. கரடி தின்று சிந்தியதெல்லாம் அதன் சம்பளம்.

ஒரு நாள் ஆண்டவர் கரடியைப் பலாமரத்துக்கு அனுப்பினார். இன்னொரு நாள் கறையான் புற்றுக்கு அனுப்பினார். வெயில் ஏறிய நாட்களில் நிழலில் படுத்துக்கொள்ளச் சொன்னார். குரங்குகள் பலாப்பழம் கேட்டு வந்தபோது, "இந்த வருஷப் பழம் உங்களுக்கு இல்லை என்கிறார்" என்று கரடி வருத்தத்தோடு தெரிவித்தது.

நீ அடித்துத் துரத்திய நரியிடம் போய் மன்னிப்புக் கேள் என்று அவர் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. ஒரு வேளை பட்டினி கிட என்றும் சொன்னதில்லை. அவ்வளவு சொன்னபடி கேட்கும் ஆண்டவர்!

காட்டு விலங்குகளும் இதை நம்பின. நம்பாதவர்களை மைனா கொத்தியது.

கோடையில் ஒரு நாள், மலை உச்சியில் மேகம் கறுத்தது. கீழே ஓடையில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அதன் கரையில் வளை தோண்டிக் குடியிருந்த கீரி, மூச்சிரைக்கப் பாறைக்கு ஓடி வந்தது.

"கரடியண்ணா! மேட்டிலிருந்து ஒரு கல் உருண்டு வந்து என் வளையை அடைத்துவிட்டது. குட்டிகள் மூன்றும் உள்ளே இருக்கின்றன. மலையில் மழை பிடித்துக்கொண்டது. வெள்ளம் வருவதற்குள் கல்லைத் தள்ள வேண்டும். உங்களைத் தவிர யாராலும் முடியாது. எழுந்து வாருங்கள் அண்ணா!"

கரடி புரண்டு உட்கார்ந்தது.

"என் இஷ்டத்துக்கு ஓடுகிறவன் இல்லை தங்கச்சி நான். முதலில் ஜெபிக்கிறேன். அவர் போ என்றால் போகிறேன்."

"குட்டிகள் கத்துகிற சத்தம் இங்கேயே கேட்கிறதே!"

"எனக்கும் கேட்கிறது. ஆனால் அது குட்டிகளின் சத்தம். நான் காத்திருப்பது ஆண்டவரின் சத்தத்துக்கு."

"அல்லேலூயா!" என்றது மைனா.

கரடி கண்களை மூடியது. மூடிய உடனே நெஞ்சுக்குள் முள் தைத்தாற்போல் ஒன்று உறுத்தியது. 'எழுந்து போ.' அவ்வளவுதான். இடி இல்லை, மின்னல் இல்லை.

கரடி ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது. ஓடைக்கு இறங்கும் வழி முழுக்கக் கூரான சரளைக் கற்கள். அடைத்துக் கிடந்த கல்லோ நல்ல கனம்.

"மைனா, நெஞ்சில் என்னவோ குத்துகிறதே!"

"நேற்று வயிறுமுட்டத் தின்றீர்களே, அந்தப் பலாச்சுளை செரிக்கவில்லை."

"அதுதானே பார்த்தேன். ஆண்டவர் பேசினால் இப்படியா குத்தும்? நாக்கில் அல்லவா நீர் ஊறும்!"

'எழுந்து போ' என்று மறுபடியும் உறுத்தியது. கரடி நெஞ்சைத் தடவிவிட்டுக்கொண்டு ஒரு பெரிய ஏப்பம் விட்டது.

"என்ன சொன்னார் அண்ணா?" என்று கெஞ்சியது கீரி.

"இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. இப்படிப் பதறுகிறாயே, உனக்கு விசுவாசம் போதாது."

அந்த நேரம் பார்த்துக் காற்று திசை மாறியது. மேட்டுக்கு அப்பால் எங்கோ தேனடை ஒன்று உடைந்திருக்க வேண்டும். கரடியின் மூக்கு துடித்தது. துள்ளி எழுந்து நின்றது.

"பேசிவிட்டார்! போகச் சொல்கிறார்! உடனே போகச் சொல்கிறார்!"

"நன்றி அண்ணா! நன்றி!" என்று அழுதபடியே கீரி ஓடைக்கு முன்னால் ஓடியது. பாதி தூரம் போய்த் திரும்பிப் பார்த்தது. பின்னால் யாரும் இல்லை. கரடி மேட்டின் மேல் ஏறிக்கொண்டிருந்தது. அதன் தலைக்கு மேல் மைனா பறந்துகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு அழுவதற்குக்கூடக் கீரிக்கு நேரமில்லை. கல்லின் பக்கவாட்டில் மண்ணைப் பறித்தது. சத்தம் கேட்டு முள்ளம்பன்றி ஓடி வந்து சேர்ந்துகொண்டது. நகம் பிய்ந்து இரத்தம் கசியும் வரை இரண்டும் தோண்டின. ஒரு குட்டியை இழுத்துப் போட்டன. இன்னொன்றையும் இழுத்துப் போட்டன. மூன்றாவது குட்டி கல்லுக்கு நேர் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தது. அதன் மூக்கு கீரியின் விரலில் பட்டது.

அப்போது வெள்ளம் வந்துவிட்டது.

முள்ளம்பன்றிதான் கீரியைக் கவ்விக் கரைக்கு இழுத்தது. இல்லாவிட்டால் அதுவும் போயிருக்கும்.

பொழுது சாயும் வேளையில் கரடி மேட்டிலிருந்து இறங்கி வந்தது. கரையில் விலங்குகள் எல்லாம் கூடியிருந்தன. நடுவில் கீரி, நனைந்து நடுங்கும் இரண்டு குட்டிகளையும் நக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தது. கரடி குட்டிகளை எண்ணிப் பார்த்தது. புரிந்துகொண்டது. தொண்டையைச் செருமிக்கொண்டது.

"அழாதே தங்கச்சி. வருகிற வழியிலேயே எனக்கு உணர்த்தினார். எல்லாம் அவர் சித்தம். அவர் கொடுத்தார், அவரே எடுத்துக்கொண்டார்."

கீரி தலையை நிமிர்த்தியது.

"ஆண்டவர்மேல் பழி போடாதீர்கள். என் பிள்ளையை அவர் கைவிடவில்லை. அதைக் காப்பாற்ற ஒருவரை அவர் அனுப்பினார். அனுப்பப்பட்டவர்தான் வரவில்லை."

கரடி தாடையில் வழிந்த தேனை நக்கிக்கொண்டு, கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தது.

"அப்படியா!" என்றது. "யார் அந்தப் பாவி?"

நீதி: அயலார் அழும்போது 'எழுந்து போ' என்று நெஞ்சில் உறுத்துவதே ஆண்டவரின் குரல், நமக்குப் பிடித்ததை மட்டுமே சொல்லும் குரல் நம் வயிற்றினுடையது.