நாலாவது வளைவு

எனக்கு முதலில் அநியாயம் செய்தவர் தங்கையா வாத்தியார். பெயரை மறைக்க மாட்டேன். ஆள் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார். எண்பத்தெட்டு வயது. காது கேட்காது என்கிறார்கள். பால்காரன் மணி அடித்தால் கேட்கிறது. நான் போய்க் கூப்பிட்டால்தான் கேட்பதில்லை.

அப்போது நான் எட்டாம் வகுப்பு. விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்க எங்கள் ஊர் மண் மைதானத்தில் ஓட்டம் வைத்தார்கள். எண்ணூறு மீட்டர், நான்கு சுற்று. முதலில் வருகிறவன் ஒருவனுக்குத்தான் இடம். சோறு, படிப்பு, துணிமணி எல்லாம் சர்க்கார் பார்த்துக்கொள்ளும்.

கடைசி வளைவில் எனக்குப் பின்னால் வந்த ஆவுடையப்பன் உள்கோட்டைத் தாண்டி மூன்று அடி வைத்தான். வளைவை வெட்டி என்னை முந்திவிட்டான். அந்த வளைவில் கொடியோடு நின்றவர் தங்கையா வாத்தியார். கோட்டுக்கு உள்ளே கால் வைப்பவனைப் பார்த்தால் கொடியைத் தூக்க வேண்டும். அவருக்கு அன்றைக்கு வேறு வேலை கிடையாது.

தூக்கவில்லை.

“பாத்தீங்களா சார்?” என்று கேட்டேன். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

“பாக்கலியே” என்றார்.

ஆவுடையப்பன் விடுதிக்குப் போனான். பிறகு ரயில்வேக்குப் போனான். நான் செங்கல் சூளைக்குப் போனேன்.

சூளையில் முதுகு போன பிறகு, ஐம்பத்தாறு வயதில், அதே மைதானத்தில் கோடு போடும் வேலை கிடைத்தது. வேலை கொடுத்தவர் ஜெசிந்தா டீச்சர். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். வெறுங்காலோடு ஓடி மாநிலத்தில் இரண்டாவதாக வந்தவர். தொடைத் தசை கிழிந்து ஓட்டம் நின்றதும், படித்து பி.டி. டீச்சர் ஆனார். சாயங்காலம் பிள்ளைகளை ஓடவிடுவார். ஓடி முடித்த பிள்ளைகளை சைக்கிள் ஷெட்டில் உட்காரவைத்துக் கணக்குச் சொல்லித்தருவார். கணக்குப் போடாதவள் மறுநாள் ஓட முடியாது.

எனக்கும் அவர்தான் சொல்லித்தந்தார். எங்கள் ஊர் காற்றாலை ஊர். ஆடி மாதம் சுண்ணாம்பைப் பொடியாகத் தூவினால் கோடு பக்கத்து ஊருக்குப் போய்விடும். கரைத்து ஊற்ற வேண்டும். நடுவில் முளை அடித்துக் கயிறு பிடித்து வளைவு போட வேண்டும். கற்றுக்கொண்டேன். “குருவுக்கு நாப்பத்தெட்டு, சீடனுக்கு அறுபது” என்று டீக்கடை மாசானம் இப்போதும் சிரிக்கிறான். சிரிக்கட்டும்.

கயிறு பிடிக்கும்போதெல்லாம் டீச்சரிடம் கேட்பேன்.

“டீச்சர், அந்த ஆளு ஏன் கொடியைத் தூக்கல?”

“கயிறு தொங்குது அண்ணாச்சி. இழுத்துப் பிடிங்க.”

இப்படி நாலு வருஷம் போனது.

இந்த ஆடியில் மறுபடியும் விடுதிக்கு ஆள் எடுத்தார்கள். இந்தமுறை பெண்பிள்ளைகளுக்கு. அதே எண்ணூறு மீட்டர், அதே ஒரு இடம். எங்கள் பள்ளிக்கூடத்து முப்பிடாதிதான் வருவாள் என்று எல்லாருக்கும் தெரியும். அவள் அம்மா பீடி சுற்றுகிறவர். அன்றைக்குப் பீடி இலையும் தூளும் வைத்த சுளகை இடுப்பில் வைத்துக்கொண்டே வந்து வேலியோரம் நின்றார். மகளுக்கு இடம் கிடைக்காவிட்டால் அடுத்த மாதம் அவள் கையிலும் ஒரு சுளகுதான்.

முப்பிடாதிக்கு நானும் யோசனை சொல்லியிருந்தேன். டீச்சர் இல்லாத நேரத்தில் கூப்பிட்டு, “ஏட்டி, உள்கோட்டை ஒட்டி ஓடு. ஒரு விரல்கடை போதும். வெளியே போனா அவ்வளவும் நஷ்டம்” என்று தினமும் சொல்வேன்.

ஓட்டத்துக்குக் கொஞ்சம் முன்னால் டீச்சர் கையில் கொடியோடு வந்தார்.

“நாலாவது வளைவுக்கு ஆள் வரல. நீங்க நில்லுங்க.”

“நானா? நான் எட்டாம் வகுப்பே முடிக்காதவன் டீச்சர்.”

“கண்ணு தெரியுதா?”

“நல்லா தெரியுது.”

“கையைத் தூக்க முடியுமா?”

“முடியும்.”

“அப்ப போங்க. தினமும் என்கிட்ட ஒண்ணு கேப்பீங்கல்ல. அங்க நின்னு கேளுங்க.”

போய் நின்றேன். தங்கையா வாத்தியார் நின்ற அதே இடம். உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. கொடியை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றினேன். திரும்பவும் மாற்றினேன்.

மூன்று சுற்று ஒழுங்காகப் போனது. நாலாவது சுற்றில் முப்பிடாதியும் பக்கத்து ஊர்ப் பிள்ளை ரஹ்மத்தும் மட்டும் முன்னால் வந்தார்கள். ரஹ்மத் அரை அடி முன்னால். என் வளைவுக்குள் நுழைந்தார்கள். முப்பிடாதி கோட்டை ஒட்டினாள். இன்னும் ஒட்டினாள். இடது கால் கோட்டுக்கு உள்ளே விழுந்தது. மறுபடியும் விழுந்தது. மூன்றாவதாகவும் விழுந்தது. ரஹ்மத்தைத் தாண்டிவிட்டாள்.

கோடு காலையில் நான் ஊற்றியது. பளிச்சென்று இருந்தது. காற்று கொஞ்சம் நின்றிருந்த நேரம். கண்ணில் தூசி விழுந்தது என்றுகூடச் சொல்ல முடியாது.

கொடி கையில் இருந்தது. கை தொடையோடு ஒட்டியிருந்தது.

வேலியோரம் சுளகு கீழே விழுந்து பீடி இலை பறந்தது. அந்த அம்மா இரண்டு கையையும் தூக்கிக் கத்திக்கொண்டிருந்தார்.

ரஹ்மத் நேரே என்னிடம்தான் வந்தாள். முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

“தாத்தா, அவ உள்ள மிதிச்சா. பாத்தீங்கல்ல?”

“பாக்கலியே” என்றேன்.

அவள் அழவில்லை. என் கையில் இருந்த கொடியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனாள்.

நான் மைதானத்தைச் சுற்றினேன். தண்ணீர்த் தொட்டி வரைக்கும் போனேன். குடிக்கவில்லை. வேலி வரைக்கும் போனேன். மாசானம் டீ நீட்டினான். “என்ன வே, பேய் அடிச்ச மாதிரி நிக்கேரு? உம்ம பிள்ளைதான ஜெயிச்சிருக்கு?” என்றான். டீயை வாங்கிக் கீழே ஊற்றிவிட்டு டீச்சரிடம் போனேன்.

“டீச்சர், அவ மிதிச்சா. மூணு அடி. நான் பாத்தேன்.”

டீச்சர் என்னைப் பார்த்தார். முப்பிடாதியைப் பார்த்தார். இரண்டு வருஷம் தினமும் அவர் ஓடவைத்த பிள்ளை. முகத்தை ஒரு தரம் துடைத்துக்கொண்டார்.

“வாங்க” என்றார்.

விடுதிக்கு ஆள் எடுக்க வந்த அதிகாரி மேசையில் பேனாவை மூடிவிட்டிருந்தார்.

“சார், வளைவுல நின்னவர் சொல்லுதாரு. எங்க பிள்ளை கோட்டுக்கு உள்ள ஓடியிருக்கா.”

“இப்ப சொன்னா எப்படி டீச்சர்? கொடி எதுவும் தூக்கலியே. பேரை எழுதியாச்சு. அதுவும் உங்க பிள்ளை.”

“இன்னும் கையெழுத்துப் போடலல்ல? அடிச்சிட்டு எழுதுங்க.”

அவர் என்னைப் பார்த்தார். “நீரு உறுதியாச் சொல்லுதீரா?”

“மூணு அடி” என்றேன்.

அடித்தார். ரஹ்மத் பெயரை எழுதினார்.

முப்பிடாதி என் முன்னால் வந்து நின்றாள்.

“ஒட்டி ஓடச் சொன்னது யாரு?”

கொடியைச் சுருட்டினேன்.

“ஒட்டு ஒட்டுன்னு தினமும் சொன்னது யாரு தாத்தா? மொத அடியிலயே தூக்கியிருந்தா நான் ஏமாந்திருக்க மாட்டேன்லா. ஜெயிச்சிட்டேன்னு எங்கம்மாகிட்ட சொல்லிட்டேன்.”

டீச்சர் அவள் தோளைப் பிடித்தார். உதறிவிட்டுப் போனாள். அவள் அம்மா வேலியோரம் குனிந்து இலைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

எல்லாரும் போன பிறகு நானும் டீச்சரும் முளைகளைப் பிடுங்கினோம். எனக்கு ஒரு முளையைக்கூட ஒழுங்காகப் பிடுங்க வரவில்லை.

“டீச்சர், எனக்குச் சொல்ல அரைமணி நேரம் ஆச்சு. அவருக்கு நாப்பத்தேழு வருஷம் பத்தல.”

“ஆமா.”

“அப்ப அவரை மன்னிச்சிரணும்னு சொல்லுதீங்களா?”

“நான் அப்படிச் சொன்னேனா?”

“சொல்லல.”

“அவர் உங்களுக்குப் பதில் சொல்லணும். சொல்லுற வரைக்கும் போய்க் கேளுங்க.”

எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. அடுத்த முளையில் கை வைத்தேன்.

“ரஹ்மத் நாளைக்கு வாரா. ஓட்டம் நடத்தினவங்கன்னு படிவத்துல நான் கையெழுத்துப் போடணும்” என்றார் டீச்சர். “பாத்துட்டு ஏன் பாக்கலன்னு சொன்னீங்கன்னு உங்ககிட்ட கேப்பா.”

முளையை விட்டுவிட்டேன்.

“நான் என்ன டீச்சர் சொல்ல?”

“தங்கையா வாத்தியார் என்ன சொல்லியிருந்தா உங்களுக்குப் போதும் அண்ணாச்சி? அதைச் சொல்லுங்க.”

விட்ட முளையை மறுபடியும் பிடித்தேன்.

தங்கையா வாத்தியார் எனக்கு இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.